லியோ ஃபெண்டர்

கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் (ஆகஸ்ட் 10, 1909 - மார்ச் 21, 1991) அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த இசைக்கருவி வடிவமைப்பாளரும் தொழில்முனைவரும் ஆவார். லியோ ஃபெண்டர் என்ற பெயரிலேயே பரவலாக அறியப்படுகிறார். டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆகிய மின்கிதார்கள் இவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தன. எனினும் இவரது தொழிலின் வேர், வெற்றிடக் குழல்களால் (வால்வுகள்) இயங்கும் மிகைப்பிகளில் உள்ளது. கிதாரிலிருந்து வரும் நலிந்த மின்குறிகையை, ஒலிபெருக்கியை இயக்கும் அளவுக்கு வலுப்படுத்தும் கருவியே மிகைப்பி (ஆம்ப்ளிஃபையர்) ஆகும். இத்தனை கருவிகளை உருவாக்கிய இவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்புக்குரியது.

இளமை

லியோ, கலிபோர்னியாவின் அனஹைம், ஃபுல்லர்ட்டன் நகரங்களுக்கு அருகே, ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார். எட்டு வயதில் கட்டி காரணமாக ஒரு கண் அகற்றப்பட்டு, கண்ணாடிக் கண் பொருத்தப்பட்டது. இதனாலேயே பின்னர் இரண்டாம் உலகப் போரின்போது இவர் படையில் சேர்க்கப்படவில்லை. வண்டிகளுக்கான மின்பொருள் கடை நடத்திய இவரது மாமா, பழைய வானொலி உறுப்புகள் நிறைந்த பெட்டியொன்றை அனுப்பி வைத்தார். மின்னணுவியல் ஆர்வம் அதிலிருந்து தொடங்கியது.

ஆயினும் லியோ கல்லூரியில் பயின்றது கணக்கியல். மின்னணுவியலில் முறையான பட்டம் எதுவும் பெறவில்லை. கணக்கராகப் பணியாற்றிக்கொண்டே, நடன நிகழ்ச்சிகளுக்கான ஒலிபெருக்கி அமைப்புகளையும் செய்து கொடுத்தார். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அடுத்தடுத்து வேலையிழந்தபின், 1938-இல் 600 டாலர் கடன் பெற்று ஃபுல்லர்ட்டனில் வானொலி பழுதுபார்க்கும் கடையைத் திறந்தார். இசைக்கலைஞர்கள் தங்கள் பழுதடைந்த மிகைப்பிகளை அங்கு கொண்டுவந்தனர். எந்த உறுப்பு முதலில் கெடுகிறது, எதை மாற்றுவது கடினம் என்பதை லியோ அந்தக் கடையிலேயே கற்றார்.

மிகைப்பிகள்

1945-இல் டாக் காஃப்மன் என்பவருடன் இணைந்து, மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிதார்களையும் அவற்றுக்கான மிகைப்பிகளையும் தயாரிக்கத் தொடங்கினார். 1946-இல் இருவரும் பிரிந்தபின் நிறுவனம் ஃபெண்டர் என்ற பெயரைப் பெற்றது. அடுத்த ஆண்டுகளில் வெளிவந்த மிகைப்பிகள் டுவீட் எனப்பட்ட முரட்டுத் துணியுறையால் அடையாளம் காணப்பட்டன.

இவற்றின் மின்சுற்றுகளில் பெரும் புதுமை இருந்ததாகக் கூற இயலாது. குழல் தயாரிப்பாளர்கள் தம் கையேடுகளில் வெளியிட்ட மாதிரிச் சுற்றுகளையே லியோ அடிப்படையாகக் கொண்டார். அவரது திறன் கட்டமைப்பில் வெளிப்பட்டது. மின்தடைகளும் மின்தேக்கிகளும் ஒரே அட்டையில் வரிசையாகப் பற்றவைக்கப்பட்டன. பின்பலகையைக் கழற்றினால் பழுதுபார்ப்பவர் எந்த உறுப்பையும் எளிதில் எட்டலாம். பழுதுபார்ப்பவர் ஒருவரின் பார்வை இது. இன்றும் இம்மிகைப்பிகள் பயன்பாட்டில் இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

லியோ விரும்பியது திரிபற்ற, தெளிவான ஒலி. நாட்டுப்புற இசையும் ஸ்டீல் கிதாரின் கணீரென்ற ஓசையும் அவருக்குப் பிடித்தமானவை. ஆனால் குழல் மிகைப்பியின் ஒலியளவை முழுமையாகக் கூட்டினால், குழல்கள் தம் எல்லையை எட்டி, மின்னலையின் முகடுகள் மழுங்கும். அப்போது எழும் கரகரப்பைக் குறையென்று கருதி அகற்ற லியோ முயன்றார். கிதார் கலைஞர்களோ அதையே நாடினர். 1952-இல் பேஸ் கிதாருக்காக வெளியிடப்பட்ட பாஸ்மன் மிகைப்பி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பின்னர் நான்கு 10 அங்குல ஒலிபெருக்கிகளுடன் வந்த அதன் வடிவத்தை மின்கிதார் கலைஞர்கள் தமதாக்கிக்கொண்டனர். இலண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் அவரது தொழில்நுட்பர்களும் அதே பாஸ்மன் சுற்றைப் பின்பற்றி 1960-களின் தொடக்கத்தில் தமது முதல் மிகைப்பியை உருவாக்கினர். உரத்த ராக் இசையின் ஒலி இவ்வாறு லியோவின் வரைபடத்திலிருந்தே கிளைத்தது.

லியோ கலைஞர்களிடம் கருவிகளைக் கொடுத்து, அவர்கள் சொல்லும் குறைகளைத் திருத்துவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். கடலலை இசைக் கலைஞர் டிக் டேல் மிகைப்பிகளின் ஒலிபெருக்கிகளைத் தொடர்ந்து எரித்துவிட, பெரிய மின்மாற்றியும் 15 அங்குல ஒலிபெருக்கியும் கொண்ட ஷோமன் மிகைப்பி உருவாயிற்று.

விற்பனையும் பிற்காலமும்

நெடுநாள் உடல்நலக் குறைவால் 1965-இல் லியோ தம் நிறுவனத்தைச் சிபிஎஸ் நிறுவனத்திற்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். சில ஆண்டுகளில் நோய் குணமாயிற்று. ஆனால் அதற்குள் தம் பெயரிலேயே கருவி விற்கும் உரிமை பிறருடையதாகிவிட்டது. பின்னர் மியூசிக் மேன் நிறுவனத்திலும், 1980 முதல் ஜி அண்டு எல் நிறுவனத்திலும் பணியாற்றினார். மியூசிக் மேன் மிகைப்பிகளில் முன்நிலையில் திரிதடையங்களும் (டிரான்சிஸ்டர்) இறுதிநிலையில் குழல்களும் பயன்பட்டன. பார்க்கின்சன் நோயுற்றபோதும் பட்டறைக்குச் செல்வதை அவர் நிறுத்தவில்லை. 1991-இல் காலமானார். 1992-இல் ராக் அண்டு ரோல் புகழ் மாடத்தில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது.

பழைய மிகைப்பிகளை வாங்குதலும் மாற்றுதலும்

1960-களின் பிற்பகுதியில் சிபிஎஸ் நிறுவனம் மிகைப்பிகளின் முகப்பைக் கறுப்பிலிருந்து வெள்ளி நிறத்திற்கு மாற்றியதோடு, ஒலியை மேலும் தெளிவாக்கும் நோக்கில் சுற்றுகளிலும் சில மாற்றங்கள் செய்தது. பலர் இன்று வெள்ளிமுகப்புக் கருவியைக் குறைந்த விலையில் வாங்கி, அதன் சுற்றைப் பழைய கறுப்புமுகப்பு வடிவிற்கு மீட்கின்றனர். வேறு திசையில் சென்றவர் ராண்டால் ஸ்மித். இவர் சிறிய பிரின்ஸ்டன் மிகைப்பியினுள் பாஸ்மன் சுற்றைப் பொருத்தினார். மெசா பூகி என்ற நிறுவனம் இதிலிருந்து வளர்ந்தது.

வாங்குவோர் காலத்தைக் கணிக்க, பெட்டியினுள் ஒட்டப்பட்ட குழல் அட்டவணையில் உள்ள ஈரெழுத்து முத்திரை உதவும். முதல் எழுத்து ஆண்டையும் (ஏ என்பது 1951), அடுத்தது மாதத்தையும் குறிக்கும். ஐ, எஃப் என்றிருப்பின் அது ஜூன் 1959 ஆகும். மின்மாற்றி, ஒலிபெருக்கி ஆகியவற்றின் எண்களும் இதனோடு பொருந்த வேண்டும். மூல உறுப்புகள் மாற்றப்பட்டிருந்தால் சேகரிப்பாளரிடம் விலை குறையும். எனினும் ஒரு மாற்றம் தவிர்க்கக்கூடாதது. பழைய கருவிகளில் இரண்டு முனைச் செருகியும், மின்வழங்கிக்கும் உலோகச் சட்டத்திற்கும் இடையே ஒரு மின்தேக்கியும் இருந்தன. அம்மின்தேக்கி பழுதானால் கிதாரின் கம்பியைத் தொடுபவர்மீது மின்சாரம் பாயும். ஆகவே அதனை நீக்கி, நிலத்தொடுப்புள்ள மூன்று முனைச் செருகியைப் பொருத்துவர். சுற்றில் 400 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருப்பதுண்டு. செருகியைப் பிடுங்கிய பின்னரும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும் என்பதால், அதனை வெளியேற்றி, அளவியால் சரிபார்த்த பின்னரே உள்ளே கைவைக்க வேண்டும்.