மீன்களுக்குக் கணக்கெழுதிய டாக்டர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் போகிறோம். கடல் மீன் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் ஏரி மீன் பக்கம் திரும்புகிறோம். கடைக்காரர் ஒரு கட்லாவையோ ரோகுவையோ தூக்கித் தராசில் போடுகிறார். கண்ணம்பாடி அணை மீன் என்றால் இன்னும் மகிழ்ச்சி. காவிரி மீன் அல்லவா!

ஆனால், கட்லாவும் ரோகுவும் காவிரியின் பிறவி மீன்கள் அல்ல. அவை கங்கைச் சமவெளியின் ஆறுகளில் பெருகியவை. அங்கிருந்து குஞ்சுகளாகக் கொண்டுவரப்பட்டு நம் பக்கத்து ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் விடப்பட்டவை. நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் வந்தவை என்று சொல்லலாம்.

எந்த ஆற்றில் எந்த மீன் பிறந்தது, எது வந்து சேர்ந்தது என்று இன்று சொல்ல முடிகிறது என்றால், அதற்கு முதல் காரணமானவர்களில் ஒருவர் சென்னை ராஜதானியில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலேய மருத்துவர். அவர் பெயர் டாக்டர் பிரான்சிஸ் டே. 1639-ம் ஆண்டில் சென்னைப் பட்டினத்துக்கு இடம் தேடிய பிரான்சிஸ் டே வேறு. இவர் அவருக்கு இரண்டு நூற்றாண்டு பின்னால் வந்தவர்.

போர்முனையிலிருந்து மீன்துறைக்கு

டாக்டர் டே 1829-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த மேர்ஸ்பீல்டு என்ற ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் படித்துத் தேறி, 1852-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். வந்த வேகத்தில் இரண்டாம் பர்மாப் போருக்கு அனுப்பப்பட்டார். அந்தப் போருக்கான பதக்கமும் பெற்றார்.

பிறகு கொச்சியில் வேலை. காயலும் கழியும் ஆறும் சூழ்ந்த ஊர். வீட்டு வாசலிலேயே மீன் வந்து இறங்கும். அந்த நாட்டின் வரலாற்றையும் மக்கள் வாழ்வையும் பற்றி 1863-ல் ஒரு நூல் எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து மலபார் மீன்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். மருத்துவம் பிழைப்பாக நின்றது, மீன் வாழ்க்கையாகிவிட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில், உடலின் பக்கவாட்டில் சிவப்புக் கோடும் அதன் கீழே கறுப்புக் கோடும் ஓடும் அழகான சிறு மீன் ஒன்று உண்டு. அதற்கு 1865-ல் அறிவியல் பெயர் சூட்டியவர் டாக்டர் டே. அப்போது சென்னை கவர்னராக இருந்த சர் வில்லியம் டெனிசன் பெயரை அதற்கு வைத்தார். இன்று 'மிஸ் கேரளா' என்று கண்ணாடித் தொட்டிக்காக உலகெங்கும் விலைபோகும் மீன் அதுதான். விலை ஏற ஏற ஓடைகளில் அது குறைந்து, அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலுக்கு வந்துவிட்டது.

விராலும் பனையேறிக் கெண்டையும் சேற்றிலும் ஈரத் தரையிலும் எப்படி உயிரோடு இருக்கின்றன என்பதையும் அவர் ஆராய்ந்தார். இவை நீரின் மேலே வந்து காற்றைக் குடிப்பவை. மேலே வர முடியாமல் தடுத்தால், நீருக்குள்ளேயே மூச்சு முட்டி இறந்துபோகும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்றால் யார் நம்புவார்கள்? தொட்டியில் விட்டுச் சோதித்துப் பார்த்த பிறகே டாக்டர் டே நம்பினார்.

நீலகிரிக்கு வந்த முட்டைகள்

ஊட்டியில் கோடையைக் கழித்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ஒரு குறை இருந்தது. குளிர் இருந்தது, ஓடை இருந்தது. தூண்டில் போட்டால் மல்லுக்கு நிற்கும் மீன் இல்லை. நீலகிரி மேட்டு ஓடைகளில் சிறு மீன்களே உண்டு. தங்கள் ஊர் ட்ரவுட் மீனை இங்கே கொண்டுவந்து விட்டால் என்ன என்று எண்ணினார்கள். 1863-ல் அந்த முயற்சியில் முதலில் இறங்கியவர் டாக்டர் டே.

சொல்வது எளிது. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-ல். மலைமேல் ரயிலும் கிடையாது. ட்ரவுட் முட்டை சூடு தாங்காது. ஐஸ் உருகிவிட்டால் முட்டையும் கெட்டுவிடும். கப்பலில் வெப்ப மண்டலத்தைக் கடந்து, சமவெளி வெயிலைத் தாண்டி, வண்டியில் மலை ஏற வேண்டும். 1864-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவுக்கு ஜேம்ஸ் யூல் என்பவர் முட்டைகளைப் பாசியில் பொதிந்து, ஐஸ் அறையில் அடுக்கி, கப்பலில் அனுப்பி வெற்றி கண்டார். அதற்கு முன் அவரும் தோல்வி கண்டவர்தான்.

டாக்டர் டேக்கு அந்த வெற்றி கிட்டவில்லை. மீண்டும் முயன்றும் ட்ரவுட் நீலகிரியில் தங்கவில்லை. டென்ச் போன்ற வேறு சில ஐரோப்பிய மீன்கள்தாம் ஊட்டிப் பக்கத்து நீர்நிலைகளில் தழைத்தன. நாற்பது ஆண்டு கழித்து, 1907 வாக்கில், எச்.சி. வில்சன் என்ற மீன்வள நிபுணரின் முயற்சியால் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பிறகே நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் நிலைத்தது. காஷ்மீருக்கு 1900-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ட்ரவுட் வெற்றி பெற்றது. இரண்டையும் பார்க்க டாக்டர் டே உயிரோடு இல்லை.

அணையும் உள்ளம் மீனும்

வேடிக்கைக்காக மீன் விடப் போனவருக்கு, வயிற்றுப் பிழைப்பு மீன் குறைந்துவருவது விரைவிலேயே கண்ணில் பட்டது.

கொள்ளிடத்தில் ஆர்தர் காட்டன் கட்டிய அணைகள் தஞ்சைக்கு நெல் தந்தன. ஆனால், கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறிவரும் உள்ளம் மீனுக்கு அந்தச் சுவர் வழிமறிச்சலாக நின்றது. வங்காளிகள் உயிரை விடும் இலிஷ் மீன்தான் இது. மேலே ஏற முடியாமல் அணையடியில் குவிந்த மீனை வலைபோட்டு அள்ளினார்கள். முட்டையிடும் முன்பே தாய் மீன் பிடிபட்டால், அடுத்த ஆண்டு எங்கிருந்து மீன் வரும்? அணைகளால் மீன்வளம் பாதிக்கப்படுமோ என்ற கவலையை 1867-ல் மேலிடத்துக்கு எழுதியவரும் அதே காட்டன்தான்.

ஆராயும் பொறுப்பு டாக்டர் டேயிடம் வந்தது. 1871-ல் அவர் இந்தியா, பர்மா மீன்வளத்துக்கே தலைமை ஆய்வாளர் ஆனார். ஒரிசா, வங்காளம், பர்மா, அந்தமான், பஞ்சாப், சிந்து என்று அலைந்தார். ஜில்லா ஜில்லாவாகக் கேள்வித் தாள் அனுப்பினார். உங்கள் பகுதியில் மீன் பிடிப்போர் எத்தனை பேர்? வலைக்கண்ணின் அளவு என்ன? மீன் கூடுகிறதா, குறைகிறதா? ஆற்றில் நஞ்சு கலக்கிறார்களா? தாசில்தார் கச்சேரிகளில் எழுத்தர்கள் விவரம் திரட்டிப் பதில் எழுதினார்கள். இன்று நம்மில் பலர் அலுவலகத்தில் சலித்துக்கொண்டே நிரப்பும் படிவம் போன்றதுதான் அதுவும். ஆனால், அந்தப் பதில்களிலிருந்தே அன்றைய ஆறுகளின் நிலை நமக்குத் தெரியவருகிறது.

1873-ல் கல்கத்தாவில் அறிக்கை வெளிவந்தது. காக்கைக்கொல்லி போன்ற நஞ்சுகளை ஆற்றில் கலக்கக் கூடாது; விரல்கூட நுழையாத சிறு கண் வலைகளைத் தடுக்க வேண்டும்; மடைகளிலும் ஓடைகளிலும் பறி வைத்துக் குஞ்சுகளை அடியோடு வாரக் கூடாது; அணைகளில் மீன் ஏறிச் செல்ல வழி விட வேண்டும். சாரம் இதுதான்.

வரவேற்பு சிறிது, எதிர்ப்பு பெரிது. ஏழைகளின் சாப்பாட்டில் சர்க்கார் கை வைப்பதா என்று அதிகாரிகள் பலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்திலும் நியாயம் இருந்தது. வலையைத் தடுத்தால் அன்றாடம் வலை வீசிப் பிழைப்பவன் எங்கே போவான்? ஆனால், குஞ்சையே வாரித் தின்றுவிட்டால் அவன் பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்பது டாக்டர் டேயின் கவலை. நஞ்சையும் வெடியையும் தடை செய்த இந்திய மீன்வளச் சட்டம் 1897-ல்தான் வந்தது. மேட்டூர் அணை 1934-ல் எழுந்த பிறகு காவிரியில் உள்ளம் மீன் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று.

மனக்கசப்பும் மாபெரும் நூலும்

ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய டாக்டர் டே, செல்டன்ஹாம் நகரில் குடியேறினார். இந்திய மீன்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. நூற்றுக்கணக்கான மீன்களின் படங்கள். அவற்றுக்கு மூலமான ஓவியங்களை வரைந்தவர் அவரேதான். மீன்களின் அறிவியல் பெயர்களோடு தமிழ், தெலுங்கு, மலையாளம், ஒரியா, வங்காளப் பெயர்களையும் தேடிச் சேர்த்தார். துறைமுகத்திலும் ஆற்றங்கரையிலும் மீனவரிடம் கேட்டு எழுதிய பெயர்கள் அவை. நம் பாட்டன்மார் சொன்ன விராலும் கெளுத்தியும் லண்டன் அச்சில் ஏறின.

அதே காலத்தில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மீன் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த ஆல்பர்ட் குந்தர் என்ற ஜெர்மானிய அறிஞரோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் குறை கண்டார். ஆற்றங்கரையில் உயிரோடு பார்த்தவர் ஒருவர். சீசாவில் அடைத்து வந்ததைப் பார்த்தவர் மற்றவர். மனக்கசப்பு முற்றியது. தான் ஆண்டுக்கணக்கில் சேர்த்த மீன்களில் பெரும்பகுதியை 1883-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி மியூசியத்துக்கு டாக்டர் டே விற்றுவிட்டார். காவிரி மீனை ஆராய விரும்புவோர் சிட்னியைத் தேட வேண்டிய நிலை இப்படித்தான் வந்தது. இருவருமே பெரிய அறிஞர்கள், நஷ்டம் அறிவியலுக்கு.

அதே ஆண்டு லண்டனில் நடந்த சர்வதேச மீன்வளப் பொருட்காட்சியில் இந்தியப் பகுதிக்கு அவரே பொறுப்பேற்றார். ஸ்காட்லாந்தின் ஹவியடவுன் மீன் பண்ணையில் ட்ரவுட், சால்மன் இனக் கலப்புச் சோதனைகளிலும் ஈடுபட்டார். நீலகிரியில் கைவிட்டுப்போன மீனை அவர் மனம் விடவில்லை போலும்.

அவருடைய கடைசிப் பணி, பிரிட்டிஷ் இந்திய விலங்கு நூல்வரிசைக்காக எழுதிய இரண்டு தொகுதிகள். 1,400-க்கும் மேற்பட்ட மீன் இனங்களின் விவரம் அதில் உண்டு. அவை 1889-ல் வெளிவந்தன. அதே ஆண்டு ஜூலை 10-ந் தேதி புற்றுநோயால் டாக்டர் டே காலமானார். வயது அறுபது.

முடியாத கணக்கு

அவர் தொடங்கிய கணக்கு முடிந்துவிட்டதா? காவிரியைக் கேட்டால் தெரியும்.

பெங்களூரிலிருந்து மூன்று நான்கு மணி நேரப் பயணத்தில் பீமேஸ்வரி, காலிபோரே என்ற ஆற்றங்கரை இடங்கள் இருக்கின்றன. தூண்டில்காரர்கள் உலகெங்குமிருந்து அங்கே வந்தது மாசீர் மீனுக்காக. காவிரிக்கரைத் தமிழர் பொம்மீன் என்று சொல்வது இதைத்தான். 1946-ல் மைசூர்ப் பகுதியில் பிடிபட்ட ஒரு மாசீர் 120 பவுண்டு எடை இருந்தது. ஓர் ஆளின் எடை!

மாசீர் குறைகிறது என்று கண்டு, மகாராஷ்டிரத்தில் லோனாவாலாப் பண்ணையில் குஞ்சு பொரித்து, பல ஆறுகளில் விட்டார்கள். காவிரியிலும் விட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால், விட்டது நீலத்துடுப்பு மாசீர்; காவிரிக்கே உரியது முதுகில் திமில் உள்ள மாசீர். இரண்டும் வெவ்வேறு இனங்கள்.

காலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் எழுதிவைத்த பதிவேடுகளை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். எந்த நாளில் எந்த மீன், எவ்வளவு எடை என்று வரி வரியாக இருந்தது. மொத்தத்தில் மாசீர் பெருகியதுபோல் தெரிந்தது. பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பெருகியது வந்த மீன். மறைந்துகொண்டிருந்தது சொந்த மீன். நூறு ஆண்டுக்கு மேலாகத் தூண்டில்காரர்கள் அறிந்த அந்தத் திமில் மாசீருக்குச் சரியான அறிவியல் பெயர் உறுதியானதே 2018-ல்தான். பெயர் தெரிந்தபோது, அது முற்றாக அழியும் விளிம்பில் நின்றது.

மீன் விடுவது தவறு என்று இதற்குப் பொருள் அல்ல. 1957-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி ஒரிசாவில் அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌத்ரி என்ற வங்காள விஞ்ஞானி, கெண்டை இன மீன்களுக்கு ஊசி மருந்து செலுத்திக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். அதன் பிறகே குஞ்சுகள் ஆற்றை நம்பாமல் பண்ணையில் கிடைத்தன. கட்லாவும் ரோகுவும் ஏழையின் கைக்கு எட்டும் மீனாயின. அதன் நினைவாக ஜூலை 10-ஐ நாடு மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறது. டாக்டர் டே கண்மூடியதும் ஒரு ஜூலை 10-ந் தேதிதான்.

விடும் முன் அந்த ஆற்றில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நீலகிரியில் தோற்று, கொள்ளிடக் கரையில் நின்று, தாசில்தார் கச்சேரிகளுக்குக் கேள்வி அனுப்பி அந்த மருத்துவர் கற்றுக்கொண்ட பாடம் அதுவே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் மீனை நறுக்கும் முன், இது எந்த ஆற்று மீன் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். டாக்டர் டேயும் அப்படிக் கேட்டுக்கேட்டுத்தான் அந்தப் பெரிய நூலை எழுதினார்.