ஒரு சிறுவனின் காலும் ஒரு மாகாணத்தின் சட்டமும்

காலை வெட்டி எடுப்பதா, வைத்துக் காப்பாற்றுவதா? பத்து வயது நிரம்பாத ஒரு சிறுவனைப் பற்றி எழுந்த கேள்வி இது. இதற்கு விடை சொல்ல வேண்டியது மருத்துவ நூல். ஆனால் அன்று விடை சொன்னது தகப்பனின் பணப்பை. பையிலே பணமில்லை. ஆகவே, கால் போகட்டும் என்று முடிவாயிற்று.

அந்தச் சிறுவன்தான் தாமஸ் டக்ளஸ். டாமி டக்ளஸ் என்றால் கனடா நாடே அறியும். 1904-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்திலே, ஃபால்கர்க் என்னும் ஊரில், இரும்பு வார்ப்படத் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். பிழைப்புத் தேடிக் கடல் கடந்த அந்தக் குடும்பம் கனடாவின் வின்னிபெக் நகரில் குடியேறிற்று. ஊரில் இருந்தபோதே விழுந்து அடிபட்ட முழங்கால், எலும்பிலே சீழ் வைத்து, ஆறாத புண்ணாகிவிட்டது. இலவசப் படுக்கையில் கிடந்த ஏழைப் பிள்ளைக்குக் காலை எடுத்துவிடுவதே வழி என்றனர்.

அந்த நேரத்தில் வந்தார், பெயர் பெற்ற எலும்பு மருத்துவர் ஒருவர். மாணவர்கள் கூட இருந்து பார்த்துப் பாடம் கற்கச் சம்மதித்தால், காசு வாங்காமல் அறுவை செய்வதாகச் சொன்னார். பெற்றோர் சம்மதித்தனர். கால் பிழைத்தது.

நல்ல மனிதர், நன்றிக்குரியவர். டக்ளஸ் அவரை ஆயுள் உள்ளவரை மறக்கவில்லை. ஆனால் வளர வளர அவர் உள்ளத்தைக் குடைந்தது வேறொரு கேள்வி. அன்று அந்த மருத்துவர் அந்தப் பக்கம் வராதிருந்தால்? அடுத்த கட்டிலில் கிடந்த பிள்ளைக்கு யார் வந்தார்கள்? சீமான் மகனுக்கு உரிமையாகக் கிடைக்கும் சிகிச்சை, தொழிலாளி மகனுக்கு மட்டும் அதிர்ஷ்டத்தால்தான் கிடைக்க வேண்டுமா?

1919-இல் வின்னிபெக் நகரத் தொழிலாளர் பொது வேலைநிறுத்தம் செய்தனர். போலீஸ் குதிரைகள் கூட்டத்தில் பாய்ந்ததையும், துப்பாக்கி வெடித்ததையும் பதினான்கு வயது டக்ளஸ் ஒரு கூரைமேல் இருந்து பார்த்தார். பின்பு அச்சுக்கூடத்தில் தொழில் பழகினார், குத்துச்சண்டை போட்டார், படித்துப் பாதிரியாராகி, சஸ்காச்சுவான் மாகாணத்தில் வெய்பர்ன் என்ற சிற்றூருக்குப் போனார்.

அது 1930. உலகப் பொருளாதார நெருக்கடி ஒருபுறம், மழை பொய்த்த வறட்சி மறுபுறம். கோதுமை விளைந்த மண் புழுதியாகப் பறந்தது. நோய் வந்தால் நிலத்தை அடகு வைக்க வேண்டும். இல்லையேல் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டும். காலத்தில் வைத்தியம் கிடைக்காமல் மாண்டவர்களை அடக்கம் செய்தவர் அந்த இளம் பாதிரியார். பிரார்த்தனை மட்டும் போதாது என்று கண்டார். உழவரும் தொழிலாளரும் 1932-இல் அமைத்த கூட்டுறவுப் பொதுநலக் கட்சியில் சேர்ந்தார். 1934-இல் மாகாணத் தேர்தலில் தோற்றார். மறு ஆண்டே கனடா நாடாளுமன்றத்துக்குச் சென்றார்.

1944-இல் அந்தக் கட்சி சஸ்காச்சுவானில் 47 இடங்களைப் பிடித்து ஆட்சி அமைத்தது. முதலமைச்சரானார் டக்ளஸ், சுகாதாரத் துறையையும் தாமே ஏற்றார். கடனுக்காக உழவனின் குடியிருப்பு நிலம் பறிபோகாமல் காக்க அந்த ஆண்டே சட்டம் வந்தது. முதியோர், ஆதரவற்றோர், புற்றுநோயாளர் ஆகியோருக்கு அரசுச் செலவில் சிகிச்சை ஏற்பாடாயிற்று. 1947 ஜனவரியில் மாகாணத்தார் அனைவருக்கும் மருத்துவமனைக் காப்பீடு. தலைக்கு ஆண்டுக்கு 5 டாலர். குடும்பம் எவ்வளவு பெரிதாயினும் 30 டாலருக்கு மேல் இல்லை. கட்டிலுக்குக் கட்டணச் சீட்டு வருவது நின்றது.

ஆனால் டாக்டருக்குத் தரும் கட்டணம் நின்றபாடில்லை. அதையும் உடனே ஏற்கக் கஜானாவில் பணமில்லை. டக்ளஸ் காத்திருந்தார், கணக்கைக் கைவிடாமல். 1957-இல் கனடா அரசு மருத்துவமனைச் செலவில் பாதியளவைத் தான் ஏற்கச் சட்டம் செய்தது. மிச்சமாகும் மாகாணப் பணத்தைக் கொண்டு அடுத்த படியில் கால் வைத்தார். 1960 தேர்தலில் இதையே முன்வைத்து மக்களிடம் சென்று வென்றார். 1961-இல் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. அதற்குள் டக்ளஸ் புதிய ஜனநாயகக் கட்சியின் அகில கனடாத் தலைவராகிவிட்டார். சட்டத்தைக் காக்கும் பொறுப்பு உட்ரோ லாயிட் தோள்மேல் விழுந்தது.

1962 ஜூலை முதல் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றே மாகாணத்தின் மருத்துவர்களில் பெரும்பாலோர் வேலைநிறுத்தம் தொடங்கினர்! தொழிலாளியின் ஆயுதத்தைத் தொழிலாளிக்கு வந்த சட்டத்தின் மீதே வீசினர். லாயிட் அரசு குதிரைப் படையை அனுப்பவில்லை. பிரிட்டனிலிருந்து மருத்துவர்களை வரவழைத்தது. பேச்சுவார்த்தைக் கதவையும் திறந்தே வைத்தது. ஊர் மக்கள் தாங்களே கூட்டுறவு மருத்துவ நிலையங்கள் அமைத்தனர். 23 நாட்களில் சமரசம். மருத்துவர்களுக்குச் சில சலுகைகள், சட்டம் நிலைத்தது.

விலை கொடுக்காமல் வெற்றி கிடைத்ததா? இல்லை. அந்தச் சூட்டிலே, 1962 ஜூன் தேர்தலில், டக்ளஸ் ரெஜைனா தொகுதியில் தோற்றார். 1964-இல் லாயிட் ஆட்சியும் போயிற்று. ஆனால் பின்வந்த எதிர்க்கட்சி ஆட்சியும் அந்தச் சட்டத்தை ரத்துச் செய்யவில்லை. 1966-இல் கனடா நாடாளுமன்றமே அதைப் பின்பற்றிச் சட்டம் செய்தது. 1972-க்குள் எல்லா மாகாணங்களிலும் பரவிற்று. பத்து லட்சம் பேர்கூட இல்லாத ஒரு மாகாணம் பெரிய நாட்டுக்கே வழிகாட்டிற்று!

பக்கத்திலுள்ள அமெரிக்காவைப் பாருங்கள். கனெக்டிகட், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் பொதுப்பணத்தைக் கொண்டு மக்களின் மருத்துவக் கடனை மலிவாக வாங்கி ரத்துச் செய்யும் ஏற்பாட்டை 2024-இல் தொடங்கின. நல்ல காரியம், அழுகிற கண்ணீரைத் துடைக்கத்தான் வேண்டும். ஆனால் இன்று தள்ளிய கடன், நாளை அடுத்த நோயோடு திரும்பி வரும். டக்ளஸ் கடன் பிறக்கும் இடத்தையே அடைத்தார். அவர் வேலையிலும் மிச்சம் உண்டு. மருத்துவமனைக்கு வெளியே வாங்கும் மருந்தும் பல் வைத்தியமும் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. தொடங்கியவர் முடித்தே தீர வேண்டும் என்பதில்லை, தொடர்பவர் வேண்டும்.

டாமி டக்ளஸ் 1986-இல் மறைந்தார். 2004-இல் கனடியத் தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில், நாட்டின் தலைசிறந்த மனிதராக மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர்.

தோழர்களே! ஆட்சிக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சட்டம் நிறைவேற 17 ஆண்டுகள். நடுவிலே நான்கு தேர்தல்கள் என்றால், எத்தனை கூட்டங்கள், எத்தனை வீட்டு வாசல்கள்! அந்த வாசல்களில் ஏறி இறங்கியவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் இன்று அங்கே ஒரு தொழிலாளியின் பிள்ளை காலில் அடிபட்டுப் படுத்தால், கருணையுள்ள மருத்துவர் வருவாரா என்று தகப்பன் வாசலைப் பார்த்து நிற்பதில்லை.