ஊர் ஒதுக்கிய பையன்

எனக்கு ரொம்பப் பிடித்த எழுத்தாளர் மார்க் ட்வைன். நிஜப் பெயர் சாமுவேல் கிளெமன்ஸ். 1835-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்து, மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஹானிபல் என்ற சின்ன ஊரில் வளர்ந்தார். 11 வயதில் அப்பா இறந்துட்டார். அச்சகத்தில் வேலை கற்றார், அப்புறம் நீராவிக் கப்பல் ஓட்டினார். 'மார்க் ட்வைன்' என்றால் கப்பல்காரர் பாஷையில் தண்ணீர் 12 அடி ஆழம்னு அர்த்தம்! அதையே புனைபெயராக வைத்துக்கொண்டார்.

ஹானிபலில் டாம் பிளாங்கன்ஷிப் என்று ஒரு பையன். பரம ஏழை, அப்பா குடிகாரர். அவனோட சேரக் கூடாதுன்னு எல்லா வீட்டிலும் கண்டிப்பு. ஆனா பசங்களுக்கு அவனைத்தான் பிடிக்கும்! அவனை மனசில் வைத்துத்தான் ட்வைன் ஹக்கிள்பெரி ஃபின்னைப் படைத்தார். 1876-ல் வந்த 'டாம் சாயர்' கதையில் ஹக், டாமின் நண்பன். 1884-ல் வந்த அடுத்த கதையில் அவனே கதாநாயகன்.

அதில் ஜிம் என்ற அடிமை தப்பி ஓடுகிறார். அவருக்கு உதவினால் நரகம்தான்னு ஹக் நம்புகிறான். காட்டிக்கொடுக்கக் கடிதமும் எழுதிவிட்டு, ஜிம்மின் அன்பை நினைத்து அதைக் கிழித்துப் போடுகிறான். எனக்குக் கண் கலங்கிவிட்டது!

ட்வைன் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். சின்ன வயசில் அது தப்புன்னே அவருக்குத் தெரியாதாம். வளர்ந்து, தப்பை உணர்ந்து எழுதினார். 1910-ல் மறைந்தார்.

ஊரே ஒதுக்கிய பையனுக்குத்தான் இன்னொருத்தர் வலி புரிந்தது. நம்ம வகுப்பிலும் தனியாகச் சாப்பிடுகிறவர் இருந்தால், பக்கத்தில் போய் உட்காருவோமா?