காட்சிக்குள் ஒலித்த இசை

பேசும் படங்கள் தோன்றிய காலத்தில், திரைப்பட இசை எப்படி இருக்க வேண்டும் என்று ஆழ்ந்து சிந்தித்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ஜொபேர்.

இவர் 1900ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் தென் பிரான்சிலுள்ள நீஸ் நகரில் பிறந்தார். இளமையிலேயே பியானோ கற்றாலும், தந்தையைப் பின்பற்றிச் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். எனினும், அவர் மனம் இசையையே நாடியது. நல்ல தொழிலைத் துறந்து பாரிசுக்குச் சென்று, இசையையே தம் வாழ்க்கையாக்கிக்கொண்டார்.

அக்காலப் படங்கள் பலவற்றில், ஒருவர் விழுந்தால் இசையும் அதிர்ந்தது. ஓடினால் இசையும் ஓடியது. ஜொபேர் இதனை ஏற்கவில்லை. கண் காண்பதையே காதுக்கும் சொல்வது இசையின் வேலையன்று. காட்சியால் காட்ட இயலாத உணர்வை வெளிப்படுத்துவதே அதன் வேலை என்று அவர் கருதினார்.

1933இல் ழான் விகோ இயக்கிய, ‘நடத்தைக்குப் பூஜ்ஜியம்’ என்னும் பொருள்படும் தலைப்பைக் கொண்ட படம் இதற்குச் சான்றாகும். அதில் விடுதி மாணவர்கள் தலையணைகளால் அடித்து விளையாடுவர். பறக்கும் இறகுகளுக்கிடையே காட்சி மெதுவாக நகரும். கனவு போன்ற அக்காட்சிக்காக ஜொபேர் ஒரு மெட்டு அமைத்தார். அதன் சுரங்களைக் கடைசியிலிருந்து முதல்வரை மாற்றி எழுதி, இசைக்கலைஞர்களை வாசிக்கச் செய்து பதிவு செய்தார். பின்னர், அப்பதிவைப் பின்னோக்கி ஓடவிட்டார். மெட்டு பழைய வரிசைக்குத் திரும்பியது. ஆனால், ஒவ்வோர் ஒலியும் மெல்லத் தொடங்கிப் பெருகி, சட்டென்று நின்றது. கேட்பவருக்கு அது வேறோர் உலகின் இசையாகத் தோன்றியது.

அடுத்த ஆண்டு விகோவின் ‘லாத்தலாந்த்’ படத்திற்கும், பின்னர் மார்செல் கார்னேயின் படங்களுக்கும் அவர் இசையமைத்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் இராணுவத்தில் பணியாற்றச் சென்றார். 1940ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் போரில் உயிர்துறந்தார். மூன்றே நாள்களில் பிரான்சும் ஜெர்மனியும் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அப்போது ஜொபேருக்கு வயது நாற்பதுதான்.

எனினும், அவருடைய இசை மறையவில்லை. இயக்குநர் பிரான்சுவா துருஃபோ, 1975 முதல் 1978 வரை வெளிவந்த தம் படங்கள் நான்கில் அவ்விசையைப் பயன்படுத்தினார். இறந்தவர்களை மறக்க மறுக்கும் ஒருவரின் கதையைக் கூறும் ‘பச்சை அறை’ அவற்றுள் ஒன்று. ஜொபேர் காணாத காட்சிகளுக்கும் அவருடைய இசை பொருந்தியது. காட்சியின் நிழலாக இல்லாமல், தனக்கென உயிர் கொண்டிருந்ததாலேயே அது காலத்தைக் கடந்தும் ஒலிக்கிறது.