இரும்பை மிச்சம் பிடித்த மேதை



அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்கு டிரெயினிங் போயிருந்தேன். நான் வரைந்த பிராக்கெட்டைப் பார்த்து ஃபோர்மேன் அண்ணன் சிரித்துவிட்டார். உடைஞ்சிடுமோன்னு பயந்து, தகடு முழுக்கக் கனம் கூட்டியிருந்தேன். லோடு போகாத இடத்துல இரும்பு எதுக்குடா தம்பி என்று கேட்டு, சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் போனபோதுதான் மிட்செல் கிடைத்தார்.

அந்தோணி ஜார்ஜ் மால்டன் மிட்செல் 1870-ல் லண்டனில் பிறந்தவர். மெல்போர்னில் சிவில் இன்ஜினியரிங் படித்து, ஆஸ்திரேலியாவிலேயே தொழில் செய்தார். 1904-ல் சின்னதாக ஒரு கட்டுரை எழுதினார். ஒரு சுமையைத் தாங்க, மிகக் குறைந்த பொருளில் சட்டம் கட்டினால் அது எப்படி இருக்கும்? இதுதான் அவர் கேள்வி. கணக்கில் வந்த வடிவம் பார்வைக்குச் சிலந்தி வலை மாதிரி! இழுபடும் கம்பிகளும் அழுத்தப்படும் கம்பிகளும் செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும். சும்மா நிற்கும் கம்பி ஒன்றுகூடக் கிடையாது.

ஆனால் அரை நூற்றாண்டுக் காலம் அந்தக் கட்டுரையை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதற்காக அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1905-லேயே சாயும் தகடுகள் கொண்ட திரஸ்ட் பேரிங்குக்குக் காப்புரிமை கேட்டார். பெரிய கப்பல்களில் புரொப்பெல்லரின் தள்ளுவிசையைத் தாங்குவது அந்த வகை பேரிங்தான். 1934-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்தது. 1959-ல் காலமானார்.

அவர் மறைந்து முப்பது வருடம் கழித்து, 1989-ல், டென்மார்க்கின் மார்ட்டின் பென்ட்சோ அடர்த்தி முறையை வெளியிட்டார். தகட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை அடர்த்தி கொடுக்க வேண்டும். 0 என்றால் வெற்றிடம், 1 என்றால் முழு உலோகம். மொத்த உலோகம் இவ்வளவுதான் என்று அளவு கட்டிவிட வேண்டும். சூட்சுமம் என்னவென்றால், விறைப்பைக் கணக்கிட அடர்த்தியின் 3-ம் அடுக்கை எடுப்பார்கள். பாதி அடர்த்திக்கு எட்டில் ஒரு பங்கு விறைப்புதான் கிடைக்கும். அரைகுறையாக நிற்பதில் லாபமில்லை! அதனால் கட்டங்கள் 0 பக்கமோ 1 பக்கமோ ஒதுங்கிவிடும். கடைசியில் மிஞ்சுவதில் மிட்செல் வடிவத்தின் சாயல் தெரியும்.

என் பிராக்கெட்டையும் கம்ப்யூட்டர் லேபில் போட்டுப் பார்த்தேன். அண்ணன் வட்டம் போட்ட அதே இடத்தில் ஓட்டை விழுந்தது!

டிப்ளமோக்காரன் வேலையை யார் பார்க்கப் போறாங்க என்று நாம் அடிக்கடி சலித்துக்கொள்கிறோம். மிட்செலின் கட்டுரையையும் அன்று யாரும் பார்க்கவில்லை. கணக்கு சரியாக இருந்தது, காத்திருந்தது. நாமும் சரியாகப் போடுவோம் நண்பர்களே!