‘மை வே’ முதலில் சினாட்ரா பாடியது இல்லை... யார் இந்த க்ளோட் பிரான்சுவா?

பிரான்ஸின் பழைய பொருள் சந்தைகளில் இசைத்தட்டுப் பெட்டிகளைப் புரட்டினால் அடிக்கடி ஒரு முகம் சிக்கும். பொன்னிற முடி, மினுமினுக்கும் உடை, பளிச் சிரிப்பு. அவர்தான் க்ளோட் பிரான்சுவா, ரசிகர்களுக்கு ‘க்ளோக்ளோ’. பிரான்ஸுக்கு வெளியே பலருக்குப் பெயர் தெரியாது. ஆனால் ஃப்ராங்க் சினாட்ராவின் ‘மை வே’ தெரியும் இல்லையா? அது இவருடைய பாட்டிலிருந்து வந்ததுதான்.

சூயஸில் தொடங்கிய கதை

1939 பிப்ரவரி 1-ல் எகிப்தின் இஸ்மாயிலியாவில் பிறந்தார். அப்பாவுக்கு சூயஸ் கால்வாய் நிறுவனத்தில் நல்ல வேலை. 1956-ல் நாசர் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியதும் எல்லாம் போச்சு. குடும்பம் மொனாக்கோ வந்து சேர்ந்தது. அப்பா நோயில் விழ, மகன் வங்கி வேலைக்குப் போனார். பிறகு இசைக்குழுவில் டிரம்ஸ். பையன் பாட்டுக்காரன் ஆனதை அப்பாவால் ஏற்கவே முடியவில்லை, பேச்சையே நிறுத்திவிட்டார். 1961-ல் இறந்தும் போனார். அடுத்த வருஷமே ‘பெல்! பெல்! பெல்!’ ஹிட். இன்னும் ஒரு வருஷம் இருந்திருந்தால் பார்த்திருப்பார்.

அன்று பிரான்ஸில் ஒரு சின்னத் தட்டில் பெரும்பாலும் நாலு பாட்டு இருக்கும். உறை முழுக்கப் பாடகரின் படம். சேகரிப்பவர்கள் இன்றும் ஆசையாகத் தேடுவது இவற்றைத்தான்.

பிரிவில் பிறந்த பாட்டு

1967-ல் பாடகி ஃப்ரான்ஸ் காலுடனான காதல் முறிந்தது. அந்த வலியில் வந்ததுதான் ‘கோம் தாபித்யூத்’, அதாவது ‘வழக்கம்போல’. மெட்டு ஜாக் ரெவோவுடையது. ஜில் திபோவும் க்ளோடும் சேர்ந்து உருவாக்கிய வரிகள். ஒரே வீட்டில் இருந்தும் காதல் வற்றிப்போன ஜோடியின் ஒரு நாள்தான் பாட்டு. எழுவது, வேலைக்குக் கிளம்புவது, இரவில் அன்பாக இருப்பதுபோல் நடிப்பது.

பிரான்ஸில் இதைக் கேட்ட கனடா பாடகர் பால் அங்கா, உரிமை பெற்று ஆங்கிலத்தில் வேறு கதையே எழுதினார்: தன் இஷ்டப்படி வாழ்ந்து முடித்தவரின் பெருமிதம். சினாட்ரா 1968 டிசம்பரில் பதிவு செய்தார். மெட்டு ஒன்று, அர்த்தம் தலைகீழ். அசலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு ‘மை வே’ கொஞ்சம் தற்பெருமையாகத்தான் தோணும்.

அந்த விளக்கு

மனுஷன் வேலையில் படு கறார். சொந்த இசைத்தட்டு நிறுவனம், ‘க்ளோடெத்’ என்ற தனி நடனக்குழு, எல்லாவற்றிலும் தன் பார்வை இருக்க வேண்டும். எதுவும் கோணலாக இருந்தால் பொறுக்காது.

1978 மார்ச் 11. பாரீஸ் வீட்டில் குளியல் தொட்டியில் நின்றபடியே, சுவரில் சரியாக இல்லாத விளக்கை ஈரக் கையால் சரிசெய்யப் போனார். மின்சாரம் தாக்கியது. வயது 39. அன்று தொலைக்காட்சிப் பதிவு ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது.

மார்ச் 15-ல் இறுதிச்சடங்கு. அதே நாளில்தான் அவருடைய புது இசைத்தட்டு கடைகளுக்கு வந்தது. பாட்டின் பெயர் ‘அலெக்ஸாந்த்ரி அலெக்ஸாந்த்ரா’. 17 வயதில் விட்டுவந்த எகிப்தின் துறைமுக நகரம் அது.