பால் ட்ரூட்: சிப்பைத் தொடாமலே அளக்க வழிகாட்டியவர்... 42 வயதில் முடிந்த வாழ்க்கை!

உங்கள் கையில் இருக்கும் மொபைலில் உள்ள சிப், பல அடுக்குகளாகச் செய்யப்பட்டது. சில அடுக்குகளின் தடிமன் வெறும் சில நானோமீட்டர்தான். நாம் எழுதும் ஒரு தாளின் தடிமன் ஏறக்குறைய 1 லட்சம் நானோமீட்டர். அப்படின்னா, இவ்வளவு மெல்லிய அடுக்கை ஃபேக்டரியில் எப்படி அளக்கிறார்கள்? ஸ்கேல் வைக்க முடியாது, தொட்டாலே கெட்டுவிடும்.

ஒளியை வைத்துத்தான் அளக்கிறார்கள். இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர், 100 ஆண்டுகளுக்கும் முன்பே மறைந்த ஜெர்மனி இயற்பியலாளர் பால் ட்ரூட்.

யார் இந்த ட்ரூட்?

1863-ம் ஆண்டு ஜூலை 12-ம் தேதி ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஒரு டாக்டரின் மகனாகப் பிறந்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முதலில் படித்தது கணிதம். பிறகு வோல்டெமார் ஃபோக்ட் என்ற பேராசிரியரிடம் சேர்ந்து இயற்பியல் பக்கம் வந்தார். படிகங்களில் ஒளி எப்படித் திரும்புகிறது என்பதை ஆராய்ந்து 1887-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

அடுத்த ஆண்டே அஞ்சனக்கல்லில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். ஆமாம், ஒரு காலத்தில் கண் மைக்கு அரைத்த அதே ஆன்டிமனி சல்பைடு கல்தான். அது ஒரு செமிகண்டக்டர் என்பது நமக்கு இன்று தெரியும். அப்போது அந்தத் துறையே கிடையாது.

அழுக்கில் கிடைத்த விடை

புதிதாகப் பிளந்த படிகத்தின் பரப்பும், காற்று பட்டு நேரமான பரப்பும் ஒளியை ஒரே மாதிரி திருப்பி அனுப்புவதில்லை. காரணம், மேலே படியும் கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலம். அளவைக் கெடுக்கும் தொல்லை என்று அதை ஒதுக்கிவிடலாம். ட்ரூட் ஒதுக்கவில்லை. அந்தப் படலத்தையே அளக்கலாமே என்று பார்த்தார்.

அது எப்படி? ஒரே திசையில் அதிரும்படி செய்த ஒளியைச் சாய்வாக ஒரு பரப்பின் மீது விழச் செய்ய வேண்டும். திரும்பி வரும்போது அதன் அதிர்வு பொதுவாக நேர்கோடாக இருக்காது, நீள்வட்டமாக மாறிவிடும். மேலே எவ்வளவு மெல்லிய படலம் இருந்தாலும் அந்த நீள்வட்டத்தின் வடிவம் மாறும். அந்த மாற்றத்துக்கான சமன்பாடுகளை எழுதியவர் ட்ரூட்தான். 'எலிப்சோமெட்ரி' என்ற பெயர் இந்த முறைக்கு வந்ததோ 1945-ல்தான்.

தப்பு இருந்தும் நிலைத்த மாடல்

லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1900-ல் உலோகங்களுக்கான எலக்ட்ரான் கொள்கையை வெளியிட்டார். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் வாயு மாதிரி சுற்றித் திரிந்து அயனிகளில் மோதுகின்றன என்பதுதான் சாராம்சம். கணக்கில் ஒரு இடத்தில் 2 மடங்கு பிழை இருந்தது. ஆனாலும் விடை பரிசோதனையோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது! பின்னாளில் குவாண்டம் இயற்பியல் வந்து குறைகளைச் சரிசெய்தது. ஆனால் செமிகண்டக்டரில் சுதந்திரமாக ஓடும் எலக்ட்ரான்கள் ஒளியை எப்படிப் பாதிக்கும் என்று கணக்கிட, 'ட்ரூட் மாடல்' இன்றைக்கும் கைகொடுக்கிறது.

அதே 1900-ல் புகழ்பெற்ற 'அனாலன் டெர் ஃபிசிக்' இதழின் ஆசிரியரானார். 1905-ல் ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரை வெளியானது இவர் பொறுப்பில் இருந்த அந்த இதழில்தான்.

இன்று எப்படிப் பயன்படுகிறது?

சிலிக்கானோடு ஜெர்மானியத்தைக் கலந்தால் அது ஒளியை உறிஞ்சும் விதம் மாறும். எவ்வளவு சதவீதம் கலந்திருக்கிறது என்பதை அந்த மாற்றத்தை வைத்தே சொல்லிவிடலாம். எல்.இ.டி., லேசர்களுக்கான காலியம், அலுமினியம், இண்டியம் கலவைகளுக்கும் இதே கதைதான்.

ஆனால் கருவி நேரடியாக விடையைச் சொல்லாது. கீழே சிலிக்கான், அதன் மேல் இத்தனை நானோமீட்டர் கலவை, அதில் இத்தனை சதவீதம் ஜெர்மானியம் என்று முதலில் ஒரு மாடலை ஊகிக்க வேண்டும். அந்த மாடலில் ஒளி எப்படித் திரும்பும் என்று கம்ப்யூட்டர் கணக்கிடும். அளந்த எண்ணோடு ஒத்துப்போகும் வரை ஊகத்தை மாற்றிக்கொண்டே போவார்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. காற்று பட்டு மேலே உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலத்தை மாடலில் சேர்க்க மறந்தால், கலவையைப் பற்றிய விடையே தப்பாகிவிடும். அஞ்சனக்கல் காலத்தில் ட்ரூட் கற்ற அதே பாடம்தான். அன்று ஒவ்வொரு கணக்கையும் கையால் போட வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் இந்த முறை வேகம் பிடித்தது.

உச்சத்தில் வந்த முடிவு

கீசன் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1905-ல் பெர்லின் பல்கலைக்கழக இயற்பியல் நிறுவனத்தின் இயக்குநரானார். 1906-ல் பிரஷ்ய அறிவியல் அகாடமியின் உறுப்பினரானார். ஒரு விஞ்ஞானிக்கு அன்று அதைவிடப் பெரிய மரியாதை குறைவு.

அடுத்த சில நாட்களில், ஜூலை 5-ம் தேதி, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். 43-வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மனைவியும் 4 குழந்தைகளும் தவித்துப்போனார்கள். காரணம் இன்றுவரை தெளிவாகவில்லை.

கண்ணுக்குத் தெரியாத படலத்தைக்கூட கவனித்த மனிதர் அவர். அவர் மனதுக்குள் இருந்ததை, கூட இருந்தவர்களால் கவனிக்க முடியாமல் போய்விட்டது. இன்று ஒவ்வொரு சிப் ஃபேக்டரியிலும் அவருடைய சமன்பாடுகள் வேலை செய்கின்றன. அதைப் பார்க்கத்தான் அவர் இல்லை.

(மன அழுத்தமோ, தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் பேசுங்கள். தமிழ்நாடு அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 ஆகிய எண்களில் இலவசமாக ஆலோசனை பெறலாம்.)